ஹீட்டர் மக்கர் பண்ணினால்: பழுது பார்ப்பதா, புதுசு மாட்டுவதா?

போன தீபாவளி காலை நாலரை மணிக்கு எங்கள் கோலாலம்பூர் செந்தூல் வீட்டில் ஆறு பேர் தலையில் எண்ணெய் வழிய வரிசையில் நின்றோம். முதலில் குளிக்கப் போனவர் மாமியார். போன இரண்டாவது நிமிடம் உள்ளேயிருந்து, "என்னய்யா இது, தண்ணி பச்சையா வருது" என்று சத்தம். வெளிச் சுவரில் இருக்கும் சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிகிறது, மேலே மாட்டியிருக்கும் ஹீட்டர் பெட்டியில் விளக்கு எரியவில்லை. அப்புறம் என்ன, முறுக்குச் சட்டியை இறக்கிவிட்டுக் குண்டானை ஏற்றினோம். கடைசி ஆள் குளித்து முடித்தபோது மணி எட்டு, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளைச் சீயக்காய் வாசத்தோடு வரவேற்றேன்.

பெருநாள் என்பதால் ஆள் கிடைக்க மூன்று நாள் ஆனது. வந்தவர் ஏணியில் ஏறிப் பெட்டியை இரண்டு தட்டு தட்டினார். "எத்தனை வருஷமாச்சு?" ஆறு என்றேன். "அப்ப மாத்திடுங்க, இனிமே செலவு வெச்சிக்கிட்டே இருக்கும்." மூடியைக் கழற்றவே இல்லை. புதுப் பெட்டி, பைப்பு, கூலி எல்லாம் சேர்த்து 920 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தேன். பழசு பால்கனியில் துணி காயும் இடத்துக்குக் கீழே கிடந்தது. பொங்கலுக்கு வந்த சித்தப்பா, ரயில்வே பட்டறையில் வயர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், சும்மா இருக்க முடியாமல் அதன் கீழ் மூடியில் இருந்த இரண்டு ஆணியைக் கழற்றினார். உள்ளே ஒரு சின்னச் சிவப்புப் பட்டன் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பேனா முனையால் அழுத்தினார், டிக் என்று உள்ளே போனது. மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "தெர்மோஸ்டாட் சரியில்லப்பா. நாப்பது வெள்ளி சாமான். மிச்சமெல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார். தெர்மோஸ்டாட் என்றால் தண்ணீர் வேண்டிய சூட்டுக்கு வந்ததும் கரண்டை நிறுத்துகிற சாமான். அன்றைக்குப் பொங்கல் எனக்கு இனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அண்ணன் வீடு, மாமியார் வீடு, கீழ் மாடி அக்கா வீடு என்று நாலைந்து ஹீட்டர் பஞ்சாயத்தில் சித்தப்பாவோடு கூடவே நின்று கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். நான் வயர்மேன் கிடையாது. யாரைக் கூப்பிடுவது, என்ன கேட்பது, எப்போது சரி என்பது, எப்போது வேண்டாம் என்பது, அவ்வளவுதான் விஷயம்.

முதலில் உங்களிடம் இருப்பது எது

நம் ஊர் வீடுகளில் பெரும்பாலும் இரண்டு வகை. குளியலறைச் சுவரில் தட்டையாக, ஷவர் குழாயோடு இருப்பது உடனடி ஹீட்டர். தண்ணீர் ஓடும்போதே சூடாக்கும், ஓட்டம் நின்றால் அதுவும் நிற்கும். சீலிங்குக்கு மேலேயோ குளியலறை மூலையிலோ உருளையாக இருப்பது தொட்டி ஹீட்டர், 25 லிட்டர், 50 லிட்டர் என்று அளவு போட்டிருக்கும். இதுபோக மொட்டை மாடியில் சோலார் வைத்தவர்கள் உண்டு, கேஸ் ஹீட்டர் வைத்தவர்களும் கொஞ்சம் பேர் உண்டு. கேஸ் விவகாரத்தைக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன், அது வேறு கதை.

எந்த வகையானாலும் முடிவு எடுக்க ஒரே கேள்விதான் முக்கியம்: தண்ணீர் நிற்கிற பாத்திரம் போயிருக்கிறதா, அல்லது அதைச் சுற்றியிருக்கிற சாமான் போயிருக்கிறதா? பாத்திரம் போனால் பேச்சே இல்லை, புதுசுதான். சுற்றியிருக்கிற சாமான் என்றால் பெரும்பாலும் பழுது பார்த்துவிடலாம், வயதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் அவ்வளவுதான். "ஆறு வருஷமாச்சா, மாத்திடுங்க" என்பவர் இந்தக் கேள்வியைத் தாண்டி ஓடுகிறார்.

ஆளைக் கூப்பிடுவதற்கு முன்

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிக்கும்போது கையிலோ ஷவர் தலையிலோ லேசாகச் சுர்ரென்று கரண்டு அடித்தால், இந்தக் கட்டுரையை மேலே படிக்க வேண்டாம். வெளியே வந்து, காலைத் துடைத்துக்கொண்டு, மெயின் பாக்ஸில் ஹீட்டருக்கான பிரேக்கரை இறக்கிவிட்டு வயர்மேனைக் கூப்பிடுங்கள். ஹீட்டரில் மின் கசிவு இருக்கிறது என்பது ஒன்று, அதைத் தடுத்து நிறுத்த வேண்டிய எர்த்தோ ஆர்.சி.சி.பி.யோ (கரண்டு கசிந்தால் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) தன் வேலையைச் செய்யவில்லை என்பது இன்னொன்று; பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தால்தான் உங்கள் கைக்கு அது வந்து சேரும். "லேசாத்தானே அடிக்குது" என்று ஒரு வாரம் ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். இதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

அந்த மாதிரி இல்லை, வெறுமனே தண்ணீர் சூடாகவில்லை என்றால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

உடனடி ஹீட்டருக்கு ஒரு குறைந்தபட்சத் தண்ணீர் ஓட்டம் வேண்டும். உள்ளே ஒரு ஃபுளோ சுவிட்ச் இருக்கிறது, ஓட்டம் போதவில்லை என்றால் அது ஹீட்டரை எழுப்பாது, பெட்டியும் செத்த மாதிரியே கிடக்கும். கோலாலம்பூரில் தண்ணீர் தடை வந்து இரண்டு நாள் கழித்துத் திரும்பி வரும்போது குழாயில் முதலில் வருவது தேநீர் நிறத்துத் தண்ணீர், அந்தச் சேறெல்லாம் நேராகப் போய் உட்காருவது ஹீட்டருக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் இருக்கிற கட்டைவிரல் நகம் அளவு சல்லடையில். கீழ் மாடி அக்கா வீட்டில் நடந்தது இதுதான். கரண்டை மெயின் பாக்ஸிலேயே இறக்கி, தண்ணீர் வால்வை மூடி, குழாயைக் கழற்றி, அந்தச் சல்லடையை எடுத்தபோது அது சல்லடையாகவே தெரியவில்லை, துருநிறத்தில் ஒரு வில்லை மாதிரி இருந்தது. பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தோம், வெள்ளைச் சிங்க்கில் செம்மண் ஓடியது. திரும்ப மாட்டியதும் சுடுதண்ணீர். அந்த அக்கா அதற்கு முந்தின நாள்தான் கடையில் புது ஹீட்டர் விலை கேட்டுவிட்டு வந்திருந்தார்.

அதனால் தண்ணீர் தடைக்குப் பிறகு முதலில் சிங்க் குழாயைத் திறந்து தெளிந்த தண்ணீர் வரும் வரை விடுங்கள், அப்புறம் ஹீட்டர். தொட்டி ஹீட்டர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். தொட்டியில் தண்ணீர் இல்லாமல் சுவிட்சைப் போட்டால் எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) வெறும் சட்டியில் கிடக்கிற மாதிரிக் காய்ந்து போய்விடும். சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்து, காற்றெல்லாம் புஸ் புஸ் என்று போய், தண்ணீர் ஒரே சீராக வந்த பிறகு சுவிட்ச்.

சூடு வருகிறது, ஆனால் போதவில்லை என்பது இன்னொரு புகார். உடனடி ஹீட்டரில் தண்ணீரை முழுசாகத் திறந்துவிட்டு, சூடு பட்டனையும் முழுசாகத் திருப்பிவிட்டு, "வெதுவெதுன்னுதான் வருது" என்பார்கள். தண்ணீரைக் கொஞ்சம் குறையுங்கள். அதே கரண்டு குறைந்த தண்ணீரைச் சூடாக்கினால் சூடு ஏறத்தானே வேண்டும். மழைக்கால இரவுகளில் வருகிற தண்ணீரே குளிர்ந்திருக்கும், அப்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

ஆர்.சி.சி.பி. விழுந்துகொண்டே இருக்கிறதா? ஹீட்டர் சுவிட்சை அணைத்துவிட்டு ஏற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால், ஹீட்டரைப் போட்டதும் விழுந்தால், கசிவு ஹீட்டரில்தான். ஹீட்டரைப் போட்டு ஐந்து நிமிடம் சூடான பிறகு விழுகிறது என்றாலும் ஹீட்டர்தான், எலிமென்ட்டின் உறையில் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் அப்படி நடக்கும். ஹீட்டரை அணைத்தும் விழுகிறது என்றால் பாவம் ஹீட்டரைத் திட்டாதீர்கள், பெரும்பாலும் வேறு எங்கோ பிரச்சினை. மத்தியானம் இடி இடித்த நேரத்தில் ஒரு தடவை விழுந்தது, ஏற்றினால் நிற்கிறது என்றால் அது நம் ஊர் மின்னல் செய்த வேலை. ஆனால் பம்ப் வைத்த ஹீட்டர்களில் உள்ளே எலெக்ட்ரானிக் போர்டு இருக்கும், அந்தப் போர்டை மின்னல் தீர்த்துவிடுவதும் உண்டு.

எது போனால் என்ன முடிவு

தொட்டி ஹீட்டரில் ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் ஏமாற்றமும் இதில்தான் அதிகம், மிச்சம் பிடிப்பதும் இதில்தான் அதிகம்.

எங்கள் வீட்டுச் சிவப்புப் பட்டன் என்பது சூடு எல்லை மீறினால் கரண்டைத் துண்டிக்கிற பாதுகாப்பு. அது சும்மா விழாது. தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, நிறுத்த வேண்டிய சூட்டில் நிறுத்தாமல் போனால் இது விழும். அதனால் பட்டனை அழுத்தியதும் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டு அப்படியே விடக்கூடாது, தெர்மோஸ்டாட்டை மாற்ற வேண்டும். விலை குறைந்த சாமான், அரை மணி நேர வேலை. பெட்டியின் வயது பத்தாக இருந்தாலும் தொட்டி நன்றாக இருந்தால் நான் தெர்மோஸ்டாட்டை மட்டும்தான் மாற்றுவேன்.

எலிமென்ட் போனாலும் பழுதுதான். பெட்டி விளக்கு எரிகிறது, தண்ணீர் பச்சையாகவே இருக்கிறது என்றால் பெரும்பாலும் எலிமென்ட். இதை ஊகிக்கத் தேவையில்லை, மீட்டரில் அளக்கலாம். 3 கிலோவாட் எலிமென்ட் என்றால் மின்தடை ஏறக்குறைய 17, 18 ஓம் காட்டும். உடனடி ஹீட்டரில் 3.6 கிலோவாட் என்றால் 14, 15 ஓம். மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை என்றால் கம்பி அறுந்துவிட்டது. எலிமென்ட்டுக்கும் பெட்டி உடம்புக்கும் நடுவில் கரண்டு போக வழியே இருக்கக்கூடாது, இருந்தால் அதுதான் கசிவு. வந்தவரிடம், "அண்ணே, எவ்வளவு ஓம் காட்டுது?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நேர்மையான ஆள் மீட்டரைத் திருப்பிக் காட்டுவார். மற்றவர் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார், அதுவும் ஒரு பதில்தான்.

எலிமென்ட்டைக் கழற்றும்போது கூடவே மக்னீசியம் தண்டை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் தொட்டி இரும்புதான், உள்ளே கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு. பூச்சில் எங்காவது ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் துரு அங்கே பிடிக்கும். அந்தத் துரு தொட்டியைத் தின்னாமல் தன்னைத் தின்னட்டும் என்று தொட்டிக்குள் தொங்கவிட்டிருப்பதுதான் இந்தத் தண்டு. புதுசாக இருக்கும்போது விரல் தடிமன், நான் மாமியார் வீட்டில் பார்த்தபோது நடுவில் இருந்த கம்பி மட்டும் வத்திக்குச்சி மாதிரி நின்றது, அதன் மேல் வெள்ளையாகக் கொஞ்சம் பொரிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தண்டு தீர்ந்த அன்றிலிருந்து துரு தொட்டிக்கு வருகிறது. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இதைப் பார்த்து மாற்றினால் தொட்டி ரொம்ப நாள் ஓடும், ஆனால் இந்தத் தண்டைப் பற்றி வாங்கும்போது எந்தக் கடையிலும் என்னிடம் சொன்னதில்லை.

சரி, ஒழுகல். ஒழுகினாலே தொட்டி போச்சு என்று முடிவு கட்டாதீர்கள், ஒழுகுவது எங்கே என்று கண்டுபிடியுங்கள். கரண்டை இறக்கி, பெட்டியை முழுக்கத் துணியால் துடைத்து, ஒவ்வொரு குழாய் இணைப்பிலும் ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரைச் சுற்றிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வாருங்கள். எந்த டிஷ்யூ நனைந்திருக்கிறதோ அங்கேதான் ஒழுகல். வளையும் குழாய், வாஷர், எலிமென்ட்டின் ரப்பர் கேஸ்கட், இவை எல்லாம் சில்லறைச் செலவு. டிஷ்யூ எல்லாம் காய்ந்திருக்க, பெட்டியின் அடி உடம்பிலிருந்தே துருநிறத்தில் சொட்டுகிறது என்றால் உள்தொட்டி ஓட்டை. அதை ஒட்ட முடியாது, வெல்டிங் வைத்தால் உள்பூச்சு கருகிப் பக்கத்திலேயே அடுத்த ஓட்டை வரும். அங்கே ஒரு காசுகூடச் செலவு செய்யாதீர்கள், மாற்றுங்கள்.

பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுவதைப் பார்த்துப் பயந்து கூப்பிடுகிறவர்கள் நிறைய. தண்ணீர் சூடானால் விரியும். 50 லிட்டரை அறை வெப்பத்திலிருந்து 70 டிகிரிக்கு ஏற்றினால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் கூடும். அந்த அழுத்தம் எங்காவது போக வேண்டும், சூடாகும் நேரத்தில் வால்வு கொஞ்சம் சொட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது. ராத்திரி பகல் நிற்காமல் ஒழுகினால்தான் வால்வை மாற்ற வேண்டும். ஒரு வீட்டில் "தரை ஈரமாகுது" என்று அந்த வால்வின் வாயை யாரோ திருகாணி மூடி போட்டு அடைத்து வைத்திருந்ததை சித்தப்பா பார்த்தார். அவர் அதிகம் கோபப்படாத மனுஷன், அன்றைக்கு அந்த வீட்டுப் பையனை நிற்க வைத்துத் திட்டினார். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, பட்டனும் விழாமல், வால்வும் அடைபட்டிருந்தால் அது ஹீட்டர் இல்லை, குளியலறையில் தொங்கும் குண்டு.

உடனடி ஹீட்டர் கதை இதைவிடச் சுருக்கம். மைக்ரோ சுவிட்ச், ஃபுளோ சுவிட்ச், ஷவர் குழாய், சூடு திருப்பும் பட்டன், இவை போனால் பழுது. எலிமென்ட்டும் அது உட்கார்ந்திருக்கும் சின்னக் குடுவையும் பல மாடல்களில் ஒரே சாமானாக வரும், அதன் விலை புதுப் பெட்டியில் பாதியைத் தொடும். மூணு வயதுப் பெட்டி என்றால் அந்தச் சாமானை மாற்றலாம், ஏழெட்டு வயது என்றால் வேண்டாம், புதுப் பெட்டிதான். பம்ப்போ போர்டோ போனாலும் அதே கணக்கு. உள்ளே பிளாஸ்டிக் உருகிய வாசம், பழுப்பேறிய வயர் முனை, கருகிய டெர்மினல், இதெல்லாம் தெரிந்தால் வயதே பார்க்காமல் பெட்டியையே மாற்றுவேன். அப்படிக் கருகியதற்குக் காரணம் வெளியே வயரிங்கிலும் இருக்கலாம் என்பதால் அதையும் பார்க்கச் சொல்வேன்.

வயதும் கணக்கும்

வாரண்டி அட்டையை முதலில் தேடுங்கள். பல கம்பெனிகள் மின் சாமான்களுக்கு ஒரு வருஷமும், தொட்டிக்கு அதைவிட நாலைந்து மடங்கும் தருகிறார்கள். ஐந்தாவது வருஷம் தொட்டி ஒழுகினால் புதுசுக்குக் காசு எடுக்கும் முன் அந்த அட்டை எங்கே என்று வீட்டம்மாவிடம் கேளுங்கள், உங்களிடம் இருக்காது.

என் சொந்தக் கணக்கு இது. உடனடி ஹீட்டருக்கு ஏழு வருஷம், தொட்டிக்குப் பத்து வருஷம் என்று வைத்துக்கொள்கிறேன். அந்த வயதில் பாதிகூட ஆகவில்லை என்றால், பாத்திரம் நன்றாக இருக்கும் வரை பழுதுதான். பாதியைத் தாண்டிவிட்டால், பழுதுச் செலவு புதுசின் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்குள் இருந்தால் பழுது, மேலே போனால் புதுசு. ஒரே வருஷத்தில் இரண்டாவது பழுது என்றால் கணக்கெல்லாம் போடாமல் மாற்றிவிடுவேன், மனுஷன் எத்தனை தடவை லீவு போட்டு வயர்மேனுக்குக் காத்திருப்பது.

மொத்தச் செலவு என்று சொன்னதைக் கவனியுங்கள். கடையில் போட்டிருக்கும் விலை பாதிக் கதைதான். புதுப் பெட்டியின் ஆணித் துளைகள் பழையதோடு ஒத்துப்போகாது, டைல் துளைக்க வேண்டும்; குழாய் வாய் இரண்டு அங்குலம் தள்ளியிருக்கும்; பழைய ஃபிளாட்டுகளில் ஹீட்டருக்கென்று மெயின் பாக்ஸிலிருந்து தனி வயரே இருக்காது, பிளக் பாயிண்டிலிருந்து இழுத்திருப்பார்கள். ஹீட்டருக்குத் தனி வயர், அதுவும் 4 மில்லிமீட்டர் சதுர வயர், இரண்டு கம்பியையும் ஒன்றாகத் துண்டிக்கும் இருமுனைச் சுவிட்ச், எர்த், இதெல்லாம் வேண்டும். நம் நாட்டு 1994-ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகள் ஈரத் தரை இருக்கும் இடங்களுக்கு 10 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கேட்கின்றன, வீடு முழுவதற்கும் இருக்கும் 100 மில்லிஆம்பியர் அதற்குப் போதாது. என் அண்ணன் ஒரு தடவை 380 வெள்ளிக்கு ஹீட்டர் வாங்கி, வயரிங்குக்கு 450 வெள்ளி கொடுத்துவிட்டு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. ஆனால் அந்த 450 வெள்ளி பழைய ஹீட்டரைப் பழுது பார்த்திருந்தாலும் செலவழித்திருக்க வேண்டியதுதான், எர்த் இல்லாத குளியலறையில் எந்த ஹீட்டரும் நல்ல ஹீட்டர் இல்லை.

"புதுசு மாத்துனா கரண்டு பில்லு குறையும்" என்று ஒரு வசனம் வரும், அதை நம்பாதீர்கள். லண்டனில் இருக்கும் என் அத்தை மகன் கேஸ் பாய்லரை மாற்றி பில் குறைந்தது என்கிறான், அங்கே அது சரி: பழைய பாய்லரில் சூட்டில் கணிசமான பங்கு புகைக் குழாய் வழியாக வெளியே போகும், புது வகை அந்தப் புகையிலிருந்தும் சூட்டைப் பிடித்துக்கொள்ளும், 2005 முதல் இங்கிலாந்தில் அந்த வகையைத்தான் மாட்ட வேண்டும் என்றே விதி. நம் எலெக்ட்ரிக் ஹீட்டரில் புகைக் குழாயே இல்லை. எலிமென்ட் தண்ணீருக்குள் கிடக்கிறது, அது குடிக்கிற கரண்டெல்லாம் தண்ணீரில்தான் சூடாக இறங்குகிறது, பத்து வருஷப் பழசானாலும் நேற்று வாங்கினதானாலும். 3.6 கிலோவாட் ஹீட்டரில் பத்து நிமிடம் குளித்தால் 0.6 யூனிட். 50 லிட்டர் தொட்டியை 28 டிகிரியிலிருந்து 60-க்கு ஏற்ற ஏறக்குறைய 1.9 யூனிட், 3 கிலோவாட் எலிமென்ட்டுக்கு நாற்பது நிமிடம் ஆகாது. பில் குறைய வேண்டுமானால் தொட்டி ஹீட்டரை நாள் முழுக்கப் போட்டு வைக்காமல், குளிப்பதற்கு முக்கால் மணி முன்னால் போட்டு அப்புறம் அணையுங்கள். வீட்டில் இரண்டே பேர் இருந்துகொண்டு 50 லிட்டர் தொட்டி வைத்திருந்தால், அது ஒழுகும்போது சின்னதாக மாற்றலாம், அதில் மிச்சம் உண்டு.

ஆளோடு பேசும்போது

வயர்மேன் சுருஹான்ஜாயா தெனாகாவில் (எரிசக்தி ஆணையத்தில்) பதிவு செய்தவரா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று கூச்சப்படாதீர்கள், பதிவு இருப்பவர் பெருமையாகவே காட்டுவார். போனில் பேசும்போதே பார்க்க வரும் கூலி எவ்வளவு, பழுது பார்த்தால் அது கழியுமா என்று கேட்டுவிடுங்கள். பெட்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை, மாடல் எண், கிலோவாட், வருஷம் எல்லாம் தெரிகிற மாதிரி, படம் எடுத்து அனுப்பினால் அவர் சாமானோடு வருவார், இல்லையென்றால் இரண்டாவது தடவை வருவதற்கும் நீங்கள்தான் கூலி கொடுக்க வேண்டும்.

வந்த பிறகு என் பேச்சு இவ்வளவுதான். "அண்ணே, மூடியைத் திறந்து பார்த்துட்டுச் சொல்லுங்க. என்ன சாமான் போயிருக்குன்னு பேர் சொல்லுங்க. கழட்டுன சாமானை என்கிட்டக் குடுத்துடுங்க." போன மாதம் மாமியார் வீட்டுக்கு வந்த ஒரு தம்பி, "அக்கா, எலிமென்ட் நல்லாத்தான் இருக்கு, தண்டுதான் தீர்ந்துபோச்சு, கேஸ்கட்டும் புதுசு போட்டுடுறேன், மொத்தம் நூத்து முப்பது" என்று அவரே சொன்னார். அந்தத் தம்பியின் எண்ணைப் பெயரோடு சேர்த்து மூன்று வீட்டுக்காரர்கள் போனில் பதிந்துகொண்டோம். பில்லில் "ஹீட்டர் சர்வீஸ்" என்று மொட்டையாக எழுதாமல் சாமான் பெயரை எழுதச் சொல்லுங்கள், ஒரு மாதத்தில் அதே சாமான் திரும்பப் போனால் பேச வாய் இருக்கும்.

சாமான் கிடைக்கவில்லை, அதனால் மாற்றுங்கள் என்றால், மாடல் எண்ணை வைத்துக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு நீங்களே ஒரு போன் போடுங்கள். தெர்மோஸ்டாட், மைக்ரோ சுவிட்ச் மாதிரிப் பொதுச் சாமான்களுக்கு நான் புடு பக்கம் ஜாலான் பாசாருக்குப் போவேன். கழற்றிய பழசைக் கையில் கொண்டு போய் மேசை மேல் வைத்தால் போதும், பெயர் தெரியாவிட்டாலும் கடைக்காரர் எடுத்துத் தருவார். சீனப் பெருநாளுக்கு முன் வாரம் எதையும் தள்ளிப் போடாதீர்கள், அப்புறம் கடை திறக்கும் வரை குண்டான்தான். தீபாவளியைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம்.

காசு வாங்கிக்கொண்டு வேலை சரியில்லை, கூப்பிட்டாலும் வரவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 5 வெள்ளி கட்டி மனு கொடுக்கலாம், 50,000 வெள்ளி வரை கோரலாம், பொதுவாக வக்கீல் கிடையாது, நீங்களே பேச வேண்டும். 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் பழுது பார்க்கும் வசதியும் உதிரி பாகமும் நியாயமான காலத்துக்குக் கிடைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. பில்லைப் பத்திரமாக வைக்கச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான். வாடகை வீடு என்றால் வீட்டுக்காரருக்கு வாட்ஸ்ஆப்பில் படத்தோடு எழுதிவிட்டு, பதில் வந்த பிறகு கை வையுங்கள்.

கேஸ் ஹீட்டர் என்றால்

இதில் என் சிக்கனப் புத்தியெல்லாம் ஒதுங்கிவிடும். பட்டனைத் திருப்பினால் டக் டக் சத்தம் வரவில்லை, தீ பற்றவில்லை என்றால் முதலில் அடியில் இருக்கும் இரண்டு பெரிய பேட்டரிகளை மாற்றிப் பாருங்கள், அதிலேயே பாதிப் பேர் வீட்டுப் பிரச்சினை தீரும். கேஸ் தோங் (சிலிண்டர்) காலியா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது.

தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக ஆடுகிறது, பெட்டியைச் சுற்றிக் கரி படிகிறது, குளித்து வந்தால் தலை வலிக்கிறது என்றால் அன்றோடு நிறுத்துங்கள். கேஸ் சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது, அதற்கு நிறமும் இல்லை, வாசமும் இல்லை, மூடிய குளியலறையில் ஆளைச் சாய்த்துவிடும். கேஸ் பெட்டி குளியலறைக்குள்ளேயே மாட்டியிருந்தால் அதைப் பழுது பார்க்கவும் வேண்டாம்; கழற்றி, காற்றோட்டமான வெளி இடத்தில் புதுசு மாட்டுங்கள், அல்லது எலெக்ட்ரிக்குக்கு மாறுங்கள். சூடு வாங்கும் செம்புச் சுருளில் ஓட்டை என்றாலும் மாற்றுவதுதான். பர்னர் சுத்தம், ரப்பர் டியூப், ரெகுலேட்டர் இவை பழுதுக் கணக்கில் வரும், ஆனால் கேஸ் வேலை தெரிந்தவர்தான் செய்ய வேண்டும், சித்தப்பாவே இதில் கை வைக்க மாட்டார். கொண்டோவில் குழாயில் இயற்கை எரிவாயு வந்தால் இன்னொன்று: தோங் கேஸுக்குச் செய்த பெட்டியை அதில் மாட்ட முடியாது, இரண்டும் வேறு வாயு, துவாரமும் வேறு.

மாற்றுவது என்று முடிவாகிவிட்டால்

மலேசியத் தரச் சான்றான சிரிம் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள், ஆன்லைனில் மலிவாக வருகிறதே என்று ஸ்டிக்கர் இல்லாத பெட்டியை வாங்காதீர்கள். குழாயில் அழுத்தம் நன்றாக இருந்தால் பம்ப் வைத்த மாடல் வேண்டாம், நாளைக்குப் பழுதாக இன்னொரு சாமான் அதிகம், அவ்வளவுதான். தொட்டி வாங்கினால் மக்னீசியம் தண்டு எந்தப் பக்கம் கழற்றுவது என்று கடையிலேயே கேட்டு, மாட்டும்போது அந்தப் பக்கம் ஒரு முழமாவது இடம் விடச் சொல்லுங்கள், எங்கள் வீட்டில் அது சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது, தண்டு மாற்ற வேண்டுமானால் பெட்டியையே இறக்க வேண்டும். மாட்டி முடித்ததும் வயர்மேன் போவதற்குள் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை அவர் முன்னால் அழுத்துங்கள், விழ வேண்டும். மாதம் ஒரு தடவை நீங்களும் அழுத்துங்கள். மாட்டிய தேதியை மார்க்கர் பேனாவால் பெட்டியின் பக்கவாட்டில் எழுதிவிடுங்கள், அடுத்த தடவை ஒருவர் ஏணியில் நின்றுகொண்டு எத்தனை வருஷம் என்று கேட்டால் விரல் விட்டு எண்ண வேண்டியதில்லை.

பழைய பெட்டியை "சூராட் காபார் லாமா" (பழைய பேப்பர்) என்று ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு தெருவில் வரும் லாரிக்காரர் எடைக்கு எடுத்துக்கொள்வார். கொடுப்பதற்கு முன் நல்ல எலிமென்ட் இருந்தால் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். 920 வெள்ளி கொடுத்து மாற்றிய எங்கள் பழசு லாரிக்குப் போகவில்லை. சித்தப்பா புதுத் தெர்மோஸ்டாட்டும் தண்டும் போட்டு, ராவாங்கில் இருக்கும் தன் வீட்டில் மாட்டிக்கொண்டார். போன வாரம் போயிருந்தேன், குளித்துவிட்டுத்தான் வந்தேன், நல்ல சூடு.